உடைந்த சிவப்புக் கோடு

அக்கா,

இன்று காலை உன் அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி. உள்ளே, கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அந்தத் துளையட்டைக் கட்டு. அட்டைக்கு ஒரு வரி கணக்கு. விளிம்பில் நீ சிவப்பு மையால் இழுத்த சாய்கோடு. வரிசை மாறினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று உனக்குச் சொன்னவனே நான்தான்.

மாதுங்கா கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, இயற்கணிதத்தில் ஒரே ஒரு தேற்றத்துக்காக ஏழு வருஷம் உழைத்தாய். "அல்ஜீப்ராவா? சாம்பாருக்கு உப்பு எவ்வளவுன்னு எக்ஸ் போட்டுப் பாருங்கோ" என்பார் உன் துறைத் தலைவர். கட்டுரை அச்சானால் உனக்கு ரீடராகப் பதவி உயர்வு. அவர் வாயும் அடையும். ஆய்விதழுக்கு அனுப்பிய பிறகும் உனக்குத் திருப்தியில்லை. சில உதாரணங்களை என் செம்பூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கச் சொன்னாய்.

குர்லா ஸ்டேஷன் படியில், மழையில், கட்டு கைநழுவியது. பொறுக்கி அடுக்கினேன். ஓட்டியபோது ஓர் உதாரணம் பொய்த்தது.

"உன் தேற்றம் தப்பு" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

நீ கட்டைத் திருப்பிப் பார்த்தாய். "கோடு ஒரு இடத்துல ஒடஞ்சிருக்கேடா."

"மழைல மை கலைஞ்சிருக்கும். மெஷினுக்கு உன்மேல என்ன விரோதம்?"

"இன்னொரு தடவை ஓட்டேன்."

"மெஷின்ல டைம் கெடைக்கறதே கஷ்டம். தப்புன்னா ஒத்துக்கோயேன்."

நான்கு மாதம் நிரூபணத்தை வரிவரியாகத் தோண்டினாய். ஓட்டை அகப்படவில்லை. அகப்படாததுதான் உன்னைத் தின்றது. "தப்பு இருக்குங்கறே. எங்கேன்னு தெரியலை. அதுல எப்படிடா பேரைப் போட்டுக்கறது?" கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தபாலில் சேர்த்ததும் நான்தான். அப்புறம் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாய். என்மேல் கோபம் என்று நினைத்தேன். கண்ணில் மஞ்சளைக் கவனித்தபோது காமாலை முற்றியிருந்தது. சயான் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். அவ்வளவுதான், போய்விட்டாய்.

இன்று ஜன்னல் வெளிச்சத்தில் கட்டின் விளிம்பைப் பார்த்தேன். மை கலையவே இல்லை. இரண்டு அட்டைகள் இடம் மாறியிருந்தன. மாற்றி அடுக்கி, மத்தியானமே ஆபீசில் ஓட்டினேன். எல்லா உதாரணமும் சரி.

"உதாரணம் சரின்னா நிரூபணம் ஆயிடாது" என்பாய். உன் கையெழுத்துப் பிரதியில் மூன்றாம் பக்கத்துக்குமேல் எனக்குப் புரியவில்லை. கேட்க நீயும் இல்லை. உன் பெயரிலேயே மறுபடி அனுப்பப்போகிறேன்.

சாயங்காலம் வேறு யாருடையதோ ஒரு கட்டு என் மேஜைக்கு வந்தது. கோடு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் மெஷினுக்குக் கொடுக்கக் கை வரவில்லை. ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்தேன்.

"அரே, ஜல்தி கர் யார்!" என்று அவசரப்படுத்தினான் மெஷின் ஆபரேட்டர்.

"இன்னொரு தடவை பாக்கணும்" என்றேன்.