பெண்கள் அறைக்கு ஏற்ற லென்ஸ்

நம் மகள் சஹ்லாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏறாவூர்க் கலியாணத்தில் பெண்கள் பக்கம் படமெடுக்கச் செல்கிறேன். நீங்கள் உறங்கியபடியால் எழுப்பவில்லை. மீன் ஆணம் மூடி வைத்துள்ளேன், சூடாக்கி உண்ணவும். நேற்றிரவு நீங்கள் உண்ணாமல் எழுந்தமைக்கு நானே காரணம்.

கட்டாரிலிருந்து நீங்கள் ஆசையோடு கொண்டுவந்த நீண்ட லென்ஸைப் பார்த்து, என் தம்பி றிஸ்லானின் முன்னால், "இதால எடுத்தா பொண்ணுட ஒத்தக் கண்ணு மட்டுந்தான் விழும்" என்று சிரித்தேன். "தூரத்துல நிண்டு எடுக்கலாமெண்டுதான் வாங்கினன்" என்றீர்கள். ஆண்கள் நுழையாத அறையில், பின்னால் நகர இடமில்லை என்பதை நீங்கள் எவ்வாறு அறிவீர்கள்? நாற்பது வயதில் கமரா கற்ற பெருமை என் நாவில் ஏறிவிட்டது.

என் ஃபுல் பிரேம் கமராவுக்கு அகலக்கோண சூம் லென்ஸ்கள் இரண்டைப் பார்த்து வைத்துள்ளேன். அவற்றின் படங்கள் மேசையில் உள்ளன. பதினாறு மில்லிமீற்றரில் தொடங்குவது பழையது, பாரமானது. பதினேழில் தொடங்குவது இலேசானது. மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கும். இரண்டும் நம் கைக்கு எட்டும் விலையே. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆயினும் உங்கள் சொல்லைக் கேட்ட பின்னரே வாங்குவேன்.

வெளியே போனால் கதவைப் பூட்ட, திறப்பு வழமையான இடத்தில் உள்ளது.

உங்கள்
ஸாதியா

பின்குறிப்பு: உங்கள் லென்ஸை விற்பதற்கு றிஸ்லானிடம் கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் வாவிக்கரைக்குச் செல்வோம். தூரத்துக் கொக்குகளை அந்த லென்ஸால் நீங்கள் எடுக்கலாம். என் கமராவை இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அன்று உங்களிடம் தருவேன்.