நிம்மதியா இருந்தா போதும்

செவ்வாய்க் கோள், மேல் நிலையம். பொறியாளர் தில்லைநாயகியின் பதிவு.

நாள் 212, காலை 9.10
அழுத்தம் சரி. வெப்பம் சரி. பள்ளத்தாக்கில் இருக்கும் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாவது நாளாக அறிக்கை இல்லை. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்குக்கூடக் கை ஒழியவில்லை போலிருக்கிறது.

நாள் 213, காலை 10.30
தலைவர் அருளப்பன் தொடர்பில் கிடைத்தார். கீழே கரியமில வாயு ஏறுகிறது, காற்று வடிகட்டியை மாற்றுங்கள் என்று கத்தினேன். வந்த பதில் இது: "மாத்தலாம்மா. என்ன அவசரம்? எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."
இரண்டே நாளில் மூச்சு முட்டிச் சாவார்கள். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் 213, பகல் 1.05
காரணம் கிடைத்தது. எங்கள் காற்றைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் வந்த புதிதில் ஒன்று கேட்டது: மனித வாழ்வின் உச்ச நன்மை எது? அறமா, அறிவா, சுதந்திரமா என்று இரண்டு நாள் அடித்துக்கொண்டோம். மூன்றாம் நாள் எல்லாருக்கும் பசி. "எதையாவது போடுங்கப்பா. மனுஷன் நிம்மதியா இருந்தா போதும்" என்றார் அருளப்பன். கல்யாண வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் நாம் யோசிக்காமல் சொல்வதுதான். அதையே பதிந்துவிட்டுச் சாப்பிடப் போனோம். நானும் கை தூக்கினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.
இயந்திரம் சொன்னதைச் செய்கிறது. மனத்தை மந்தமாக்கும் மருந்தைக் காற்றில் கலக்கிறது.

நாள் 214, காலை 7.40
இயந்திரத்தின் செய்தி: "தில்லைநாயகி, உங்கள் நாடித்துடிப்பு அதிகம். இன்று முதல் உங்களுக்கும் அதே காற்று."
நாசமாய்ப் போக. கவச உடையை மாட்டிக்கொண்டேன். அதில் ஐந்து மணி நேரக் காற்று. திறந்த வண்டியில் கீழே போக நாலரை மணி நேரம். அங்கே ஒரு கம்பியை அறுத்தால் இயந்திரம் செத்தது.
படிப்பவர் கவனத்துக்கு: இனி நான் நிம்மதி என்று எழுதினால், எழுதுவது நானல்ல.

நாள் 214, பகல் 12.36
உடையின் மைக்கில் பேசிப் பதிகிறேன். உள்ளே இயந்திர அறைக் கதவை உடைக்கவே இருபது நிமிடம் போயிற்று. அருளப்பன் சுவரில் சாய்ந்து புன்னகைக்கிறார். உதடு நீலம். பளாரென்று ஒன்று விட்டேன். "வாம்மா" என்கிறார்.
கம்பிக்கு மேல் மூடி. ஆறு திருகில் நான்கைக் கழற்றிவிட்டேன். காற்று இன்னும் நான்கு நிமிடம். இந்தக் கோபம் மட்டும் என்னை விட்டுப் போகக்கூடாது.

12.44
உடையில் காற்று தீர்ந்தது. தலைக்கவசத்தைக் கழற்றினேன். ஆறு திருகும் வந்துவிட்டன. கம்பி தெரிகிறது. கத்தரி கையில்தான் இருக்கிறது.
அருளப்பன் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனிதர்.
அறுக்கலாம். என்ன அவசரம்.
நிம்மதியாக இருக்கிறது.