கட்டைவிரல் ஆறும்வரை

18 ஜூன் 1962, திங்கள். கொடைக்கானல்

இன்றைக்கும் மழை. மழை என்றுகூடச் சொல்ல முடியாது. மேகம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. துவைத்த புடவை காயவே இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டதில் எல்லாப் புடவையும் சாம்பார் வாசனை.

அவர் இன்றைக்குப் பேசியது: "குளிருதா?", "குடை எங்க?", "போயிட்டு வாறேன்." அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வாரம் ஆகிறது. பக்கத்து வீட்டு அழகம்மாள் அக்கா சொல்கிறது, "ஒங்க வீட்டுக்காரர் டிரில் மாஸ்டருல்ல, மைதானத்துல அவரு போடுற சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேக்கும்" என்று. நிஜமாகவா? வீட்டுக்கு வரும்போது சத்தத்தை மைதானத்திலேயே பூட்டிவைத்துவிட்டு வருவார் போல.

பெயரை வாயால்தான் சொல்லக் கூடாது. எழுதலாம்தானே? தண்டாயுதபாணி. எழுதிவிட்டேன்! பழனியில் பிறந்தவளுக்கு வந்த சோதனையைப் பார். இனிமேல் மலையேறிப் போனால் சாமியை எப்படிக் கூப்பிடுவது? "ஏங்க" என்றா?

20 ஜூன்

அத்தை கல்யாணத்தன்று சொன்னதே நினைப்பாக இருக்கிறது. "ஆடி வரைக்கும் போயி இருந்து பாரு, சுந்தராம்பா. குளிரு ஒத்துக்கலேன்னா கீழ கடைக்கே வந்துரு. எனக்கும் ஒத்தாசையா இருக்கும். அவன் மாசம் ஒருக்கா வந்துட்டுப் போவட்டும்." அடிவாரத்தில் பஞ்சாமிர்தமும் விபூதியும் விற்கிற கடை அவர்களுடையது. மாமா போனபிறகு அத்தை ஒற்றை ஆளாக நடத்துகிறார்கள். கேட்டதில் தப்பில்லை.

ஆனால் அவர் பக்கத்தில்தான் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பிடிக்கவில்லையோ?

23 ஜூன், சனி

பந்து விளையாடப் போனவர் கையில் பெரிய கட்டோடு வந்து நிற்கிறார். கூடைப்பந்து வேகமாக வந்து வலதுகைக் கட்டைவிரலில் பட்டுவிட்டதாம். எலும்பில் கீறல். தப்பை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறுவதற்கு மூன்று வாரம் ஆகுமாம். அதற்கப்புறம்தான் திண்டுக்கல் டீமோடு ஆட்டம், ஜூலை இருபத்திரண்டு. அதுவரைக்கும் ஓடலாம், பந்தைத் தொடக் கூடாது.

சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டார். இடதுகையால் பாதி வாய்க்கு, பாதி வேட்டிக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்! பல் தெரியச் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

25 ஜூன், திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினவர் வாசற்படியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. எட்டிப் பார்த்தால், ஷூ நாடாவோடு மல்லுக்கட்டுகிறார். அது சாதாரண ஷூ இல்லை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு அமெரிக்க வாத்தியார் கொடுத்தது. கறுப்புக் கான்வாஸ், கணுக்காலையும் தாண்டி மேலே ஏறும், அடியில் தடித்த வெள்ளை ரப்பர். பக்கத்துக்கு எட்டு ஓட்டை. நாடாவைப் பார்த்தால் கிணற்றுக் கயிறு மாதிரி நீளம். நேற்று சேறானதால் நாடாவை உருவித் துவைத்திருந்தார். ஒற்றைக் கையால் எப்படிக் கோப்பது?

"நான் வேணா..." என்றேன்.

"ஒனக்கெதுக்கு."

"கோத்துத்தான் பாக்குறேனே."

கீழே உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்லக் கோத்தேன். "உள்ள இருந்து வெளிய எடு... இல்ல, அந்தப் பக்கம்... இப்ப குறுக்க... ரெண்டு முனையும் சமமா இருக்கா பாரு." பெருக்கல் குறி மேலே பெருக்கல் குறியாக ஏறிக்கொண்டே போனது. மேலே வந்தபிறகு பார்த்தால் ஒரு முனை முழங்கால் வரை, இன்னொன்று சுண்டுவிரல் நீளம். அவிழ்த்து மறுபடி. மணி அடித்துவிடும் என்று எனக்குத்தான் பதற்றம். அவர் அவசரப்படுத்தவே இல்லை.

ஒரே காலையில் எத்தனை வார்த்தை பேசிவிட்டார்!

26 ஜூன்

இன்றைக்கு முனை சமமாக வந்தது. "பரவாயில்லையே" என்றார். பகல் முழுக்கப் பாட்டு வாயில் வந்துகொண்டே இருந்தது. பாட்டுக் கவனத்தில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

29 ஜூன்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் அவர் புறங்காலில் சிவப்பாக ஒரு கோடு. அங்கே எலும்பு கொஞ்சம் மேடு. நாடா சரியாக அதன்மேல் அழுத்துகிறது. கேட்டால், "அது அப்பிடித்தான் கெடக்கு, நாலஞ்சு வருஷமா" என்கிறார். நாலைந்து வருஷமா! ஒரு மனுஷர் இப்படியா இருப்பார்?

காலையில் அந்த இடத்தில் மட்டும் குறுக்கே கோக்காமல், ஓரமாகவே அடுத்த ஓட்டைக்கு ஏற்றிவிட்டேன். நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அவர் நடந்து பார்த்தார். நின்றார். திரும்ப நடந்தார்.

"ஏ, வலிக்கல!"

கத்திவிட்டார். அழகம்மாள் அக்கா வீட்டுக் கோழி பறந்தது.

2 ஜூலை

இன்றைக்கு நாடாவை ஏணி மாதிரி கோத்தேன். எல்லாம் நேர்க்கோடு, ஒரு பெருக்கல்கூட வெளியே தெரியாது. பார்க்க அழகோ அழகு.

3 ஜூலை

ஏணி சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிட்டதாம். அழகு மட்டும்தான். பெருக்கலுக்கே திரும்பினோம், ஜன்னலோடு.

5 ஜூலை, வியாழன்

ஐயோ, மானம் போச்சு.

அவருக்கு இன்றைக்கு லீவு. வேட்டியும் செருப்புமாகக் கடைவீதிக்குப் போயிருந்தார். ஷூ வாசலில் சும்மாக் கெடந்தது. போட்டுத்தான் பார்ப்போமே என்று... யாரும் இல்லை என்று நினைத்துத்தான். என் கால் அதற்குள் பூனைக்குட்டி மாதிரி ஒரு மூலையில் கெடக்கிறது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். தொப்பு தொப்பு என்று சத்தம். அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகால் மேலே எழும்பி வந்துவிடுகிறது. அவர் குதிகாலில் கொப்புளம் வருவது இதனால்தானோ? மழையில் மைதானம் வழுக்கும்போது அவருக்கும் இப்படித்தான் நழுவுமோ?

உட்கார்ந்து யோசித்தேன். மேலே கடைசி இரண்டு ஓட்டையில் நாடாவைக் குறுக்கே விடாமல், அதே பக்கமே ஏற்றினேன். இரண்டு பக்கமும் சின்னக் காது மாதிரி வளையம் வந்தது. இந்த முனையை அந்தக் காதுக்குள், அந்த முனையை இந்தக் காதுக்குள். இழுத்து முடிந்தேன். எழுந்து நடந்தால், அம்மாடி! குதிகால் ஒட்டிக்கொண்டு வருகிறது. குதித்தேன். திரும்பவும் குதித்தேன்.

"என்னாத்தா, வீட்டுக்காரரு வேலைக்கு நீ போகப் போறியா?"

ஜன்னலில் அழகம்மாள் அக்கா. கையில் முட்டைக்கோஸ். கழற்றலாம் என்றால் முடிச்சு அவிழவில்லை! அப்படியே சமையலறைக்கு ஓடினேன், தொப்பு தொப்பு என்று. அக்கா தெருவெல்லாம் கேட்கச் சிரித்தது.

6 ஜூலை

யார் சொன்னாரோ, அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று பார்த்தால், "எங்க, அந்தக் காது எப்பிடி, காட்டு" என்றார். கோத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் முடிந்து ஓடியே வந்தார். மூச்சு வாங்க, "ஒரு தடவகூட நழுவல புள்ள!"

புள்ள என்றார்.

9 ஜூலை

தபாலாபீஸ் மணியன் இவர் டீமில்தான் ஆடுகிறார். சாயங்காலம் தன் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணி, எனக்கும் அந்தக் காது வச்சுக் குடுங்க. அண்ணன் முயலு கணக்காத் தாவுறாரு."

நான் வாங்கக் கையை நீட்டினேன். இவர் குறுக்கே வந்து, "ஒன் கை நல்லாத்தானடா இருக்கு? இந்தா பாத்துக்க, நீயே கோத்துக்க" என்று தன் காலைத் தூக்கிக் காட்டினார். மணியன் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

11 ஜூலை, புதன்

தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேரிக்காய்த் தோல் சீவிக்கொண்டிருக்கிறார். வலதுகையால். தப்பை மேஜைமேல் கெடக்கிறது. கத்தியைக் கட்டைவிரல் என்னமாய் அழுத்திப் பிடிக்கிறது! சுருள் சுருளாகத் தோல் விழுகிறது.

குடத்தை வேண்டுமென்றே நங்கென்று வைத்தேன். உள்ளே ஒரே பரபரப்பு. போய்ப் பார்த்தால் தப்பையும் கட்டுமாக அப்பாவி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கட்டு கோணல்.

"யாரு பேரிக்கா சீவுனது?"

"மணியன் வந்திருந்தான்."

"விரலு எப்பிடி இருக்கு?"

"இன்னும் வலி இருக்கு. இன்னும் கொஞ்ச நாளு நீதான் கட்டணும்போல."

அடேயப்பா! நானும் முகத்தை மாற்றாமல், "பாவம்" என்றேன்.

12 ஜூலை

நாடா கோப்பதற்கு எத்தனை நேரம் எடுக்க முடியுமோ அத்தனை நேரம் எடுத்தேன். அவரும் நேரமாச்சு என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லேட்.

15 ஜூலை, ஞாயிறு

அப்பா வந்துவிட்டார். நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது, புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். தெரிந்ததுதான். ஆனாலும்...

சாப்பிடும்போது அப்பா சொன்னார், "சம்பந்தியம்மா ஆவணிக்கு இவளை நேரா கடைக்கே அனுப்பச் சொல்றாங்க மாப்ள. என்ன சொல்றீங்க?"

இவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "கூட்டிட்டுப் போங்க மாமா" என்றார். அவ்வளவுதான். அப்போ இத்தனை நாள்? அந்தப் பேரிக்காய்? எல்லாம் நானாக நெனச்சுக்கிட்டதா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போவாரு?

16 ஜூலை, பெருமாள்மலை

பஸ் இங்கே நிற்கிறது, அப்பா டீ குடிக்கிறார். வெள்ளனே கிளம்பும்போது அவர் ஷூவை என்னிடம் நீட்டினார். "இருவத்திரெண்டாந்தேதி வரைக்கும் தாங்குற மாதிரி கட்டிக் குடு."

விரல் ஆறிவிட்டது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாமா என்று வந்தது. சொல்லவில்லை. ஜன்னல் வைத்து, காது வைத்துக் கோத்தேன். கண்ணில் தண்ணீர், ஓட்டை தெரியவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது, பென்சில் ஆடுகிறது. வளைவெல்லாம் வாந்தி வருகிறது.

19 ஜூலை. பழனி

வெயில். புடவை ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அதுகூடப் பிடிக்கவில்லை.

22 ஜூலை, ஞாயிறு

இன்றைக்கு ஆட்டம். ஜெயித்தாரோ தோற்றாரோ. இங்கே யாரைக் கேட்பது?

26 ஜூலை, ஆடிக் கிருத்திகை

சிரிப்புச் சிரிப்பாக வருகிறது. எங்கிருந்து தொடங்க?

அடிவாரமெல்லாம் காவடிக் கூட்டம். அத்தை ஒருத்தராகச் சமாளிக்க முடியாது என்று என்னைக் கடைக்கு அனுப்பினார் அப்பா. பஞ்சாமிர்தம் கட்டிக் கட்டிக் கையெல்லாம் பிசுபிசு. "வெரசா, வெரசா" என்று அத்தை. அப்போது கூட்டத்துக்கு நடுவே, வெறுங்காலாக ஊரே போகும்போது, ஒரு ஜோடி உயரமான கறுப்பு ஷூ வருகிறது. நிமிர்ந்து பார்த்தேன். அவர்!

"ஆடியில வரலாமாடா? ஊரு என்ன சொல்லும்?" என்றார்கள் அத்தை.

"சாமி கும்பிட வந்தேன்." சாமியிருக்கிற மலைப்பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "தோத்துட்டோம். ஒரு கூடையில போச்சு. ஆனா குதிகாலு நழுவல" என்றார்.

அத்தை ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார்கள். "சரி, வந்ததும் வந்தே. ஆவணியில இவ இங்கயே வந்துரட்டும், அங்க குளிருல கெடந்து..."

அப்போது கேட்டேன் அந்தச் சத்தத்தை. ஏரிக்கரை வரைக்கும் கேட்கும் என்று அழகம்மாள் அக்கா சொன்னது பொய்யே இல்லை.

"இல்லம்மா! அவ எங்கூடத்தான் இருப்பா!"

காவடி எடுத்துப்போனவர்கூட நின்று திரும்பிப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். இவருக்கே தன் சத்தத்தைக் கேட்டுப் பயம் வந்துவிட்டது. மெதுவாக, "கடைக்கு ஒரு ஆளு வச்சுக்கலாம்மா. நான் பாத்துத் தாறேன். மாமாகிட்டயும் அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றார்.

அத்தை கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "குளிரு ஒத்துக்கிச்சாடி?" என்றார்கள்.

"ஒத்துக்கிச்சு அத்தை."

"அப்ப நான் ஏன் குறுக்க நிக்கணும். எனக்கென்ன, ஆளுதான் வேணும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபம்தான். வருத்தமும்தான். போகும்போது மகன் கையில் பஞ்சாமிர்தத்தை மட்டும் மறக்காமல் திணித்தார்கள்.

மலையேறுவதற்காக ஷூவைக் கடையில் கழற்றி வைத்தார். அவருடைய சொந்தக் கையாலேயே அவிழ்த்தார், வலதுகைக் கட்டைவிரல் சகிதமாக. அவிழ்த்தபிறகுதான் ஞாபகம் வந்து என்னைப் பார்த்தார். நான் சிரித்த சிரிப்பில் விபூதிப் பொட்டலம் சரிந்தது.

18 ஆகஸ்ட், சனி. கொடைக்கானல்

நேற்று ஆவணி பிறந்தது, இன்றைக்கு வந்து சேர்ந்தேன். அத்தை கடைக்கு ராக்காயி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரியாம், அத்தையையே அதட்டுகிறாளாம்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

சந்தைக்கு எதிர்க்கடையில் பையன்கள் போடுகிற கான்வாஸ் ஷூ, என் அளவுக்கு ஒன்று கிடைத்தது. கணுக்கால் வரை ஏறுகிறது. புடவைக்குக் கீழே அது தெரிய நடக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் விரலெல்லாம் கதகதப்பு. ஏரியைச் சுற்றி நடந்தோம். அவர் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். அடுத்த வருஷம் திண்டுக்கல்லை எப்படி மடக்குவது, மணியனை எங்கே நிறுத்துவது என்று.

பாதி தூரத்தில் சுண்டுவிரல் பக்கம் கடித்தது. நொண்டினேன்.

"நில்லு" என்றார். ரோட்டோரக் கல்லில் என்னை உட்காரவைத்து, தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் ஷூ நாடாவைக் கீழ் ஓட்டையிலிருந்து அவிழ்த்தார். ஊரார் போகிறார்கள், வருகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஏங்க, எந்திரிங்க, யாராவது பாக்கப் போறாங்க" என்றேன்.

பார்த்தார்கள். அவருடைய பள்ளிக்கூடத்துப் பையன்கள், ஒரு கூட்டமே வந்தது. "குட் ஈவ்னிங் சார்" என்று வரிசையாக நின்றார்கள், கண்ணெல்லாம் என் காலில்.

அவர் நிமிரவே இல்லை. "ஈவ்னிங், ஈவ்னிங்" என்று சொல்லிக்கொண்டே, சுண்டுவிரல் பக்கத்து ஓட்டையை விட்டுவிட்டு அடுத்ததில் நாடாவை நுழைத்தார்.