எட்டுப் பேருக்கும் ஒரே மெஷின்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நாங்கள் செய்யும் மருந்தேற்றும் கருவியின் சிப்புக்கான புரோகிராமை என் லேப்டாப்பில் மட்டும்தான் சரியாக கம்பைல் செய்ய, அதாவது சிப்புக்குப் புரியும்படி மாற்ற, முடியும். அதைச் சொல்லியே எனக்கு லீவு தராமல் இருந்தார்கள். சரி, இதற்கு ஒரு வழி பண்ணுவோம் என்று மூன்று வாரம் மெனக்கெட்டு, வேண்டிய மென்பொருள் எல்லாவற்றையும் ஆபீஸில் ஒரு பொதுக் கம்ப்யூட்டர் மெஷினில் ஏற்றினேன். நேற்று எங்கள் குழுவில் எட்டுப் பேரும் அவரவர் இடத்திலிருந்தே அதில் கம்பைல் செய்தார்கள். ஒருவருக்குக்கூடப் பிழை வரவில்லை.

உடனே லீவு கேட்டேன். மேனேஜர் சிரித்தார்.

"இப்ப எட்டுப் பேரும் அந்த ஒரு மெஷினை நம்பித்தானேம்மா இருக்காங்க? அது நின்னுட்டா உன்னை விட்டா யாரு சரி பண்ணுவாங்க?"

நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? பக்கத்து சீட்டுக்காரிக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

ஒரு சின்ன வேலை. பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். ஷூ வாங்கி நானே கொண்டுவருகிறேன். நான் வரும் நாளில் அவளுக்குச் சரியாக இருக்க, அதைவிட எவ்வளவு பெரிதாக வாங்கட்டும் என்று மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள்
பாப்பா அம்மா