போறேன்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. நேற்று உங்கள் பெரியப்பா கன்னிவாடியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "வாரேன்னு சொல்லிட்டுத்தானே தாயி கெளம்புன, பெறகென்ன வீம்பு?" என்று கேட்டார். நீங்கள்தான் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் சொன்னது போறேன்.

பேகம்பூரில் உங்கள் தெரு முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வோம். போறேன் என்றால் திரும்ப மாட்டேன் என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். அன்று நீங்கள் அறைந்த கன்னத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. "போறேன்னு சொல்லாதடி, வெளங்காது. வாரேன்னு சொல்லு" என்று திருத்துவதற்கு மட்டும் வாய் வந்தது.

போறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்றும் யாரிடமும் சொல்லாதீர்கள். துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் பல நாளாக எனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொல் அது.

உள்ளே இருந்த அத்தை காதில் 'வாரேன்' விழுந்தது உண்மைதான். அது பாப்பா சொன்னது. "போயிட்டு வாரேம்ப்பா" என்று உங்களுக்குக் கை காட்டினாளே, மறந்துவிட்டதா?

அரைப்பரீட்சை லீவுக்கு என் தம்பி அவளை அங்கே கூட்டி வருவான். அவள் சொன்ன சொல்லை அவள் காப்பாற்றட்டும். நான் சொன்னதை நான் காப்பாற்றுகிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா