சாமி இல்லாத கரடு

மார்ச் 3, திங்கள்

எங்கள் பனியன் கம்பெனி மொட்டை மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கோபி ரோட்டை ஒட்டித் தெரியும் கரட்டுக் குன்றைக் காட்டி, ஒரு நாள் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார் இவர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நம் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை இருந்தாலே முருகனை ஏற்றிவைத்துப் படி கட்டிவிடுவார்கள். இதை மட்டும் எப்படி விட்டுவைத்தார்களோ. மேலே சாமி இல்லை, அதனால் பாதையும் இல்லை, முழுக்க முள். கல்யாணமான நாளாகக் கண்ணெதிரே நிற்கிற கரடு, இப்போதுதான் இவருக்கு ஏறத் தோன்றுகிறது. டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

மார்ச் 5

தேஜஸ்ரீ ஹாஸ்டலில் இருந்து போன் செய்து, அப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறாள். பெற்றது என்னவோ நான்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்குச் சண்டை. கட்டிங் டேபிள் பக்கம் போனால் உடனே நாற்காலி போடச் சொல்கிறேனாம், படியேறினால் பின்னாலேயே வருகிறேனாம், உப்பில்லாத ரசத்தை வேறு ஊற்றுகிறேனாம். ஆமாம், செய்கிறேன். செய்யாமல்?

"அம்மிணி, உடையற சாமானாட்டம் என்னைய அலமாரில வெச்சுப் பூட்டீட்டீன்னா, நான் பொழச்சு வந்து என்ன புண்ணியம்?" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரில கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னது யாரு? நான்தானே. அவருக்கென்ன, மயக்கத்துல படுத்துக் கிடந்தாரு. இந்த மனுசன் இல்லாம எனக்கு என்ன இருக்கு — அதைச் சொல்லத் தெரியல, உப்பைக் குறைக்கத்தான் தெரியுது.

மார்ச் 13, வியாழன்

டாக்டரிடமே கேட்டுவிட்டோம். கூடாது என்பார் என்று நம்பித்தான் போனேன். மெதுவாக, நின்று நின்று ஏறலாம், நல்லதுதான் என்றுவிட்டார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சை முடிந்த பையன்கூடத் தோற்றுப்போவான்.

வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும், நான் சொல்கிற இடத்தில் எல்லாம் உட்கார வேண்டும், வழி தெரியாமல் போகாதபடி செடிக்குச் செடி நான் துணி கட்டிக்கொண்டே வருவேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

ஏறிவிட்டோம்.

அடிவாரத்தில் ஆடு போன தடம் கொஞ்ச தூரம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. இவர் தடியால் முள்ளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போக, நான் கட்டிங் வேஸ்ட் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டே பின்னால் போனேன். சூரை முள் பிடித்தால் இழுக்கக் கூடாது, பின்னால் நகர்ந்துதான் கழற்ற வேண்டும். இவர் இழுத்தார். பனியன் தோளில் கிழிந்தது. கம்பெனியில் செக்கிங் பார்ப்பது நான் என்பதால், இந்தப் பீஸ் ரிஜெக்ட்டா மேடம் என்று கேலி வேறு.

உட்காரச் சொன்ன இடத்தில் எல்லாம் உட்கார்ந்தார். கடைசியாக உட்காரச் சொன்னது எனக்காக. மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

உச்சியில் ஊஞ்ச மரங்கள், தலைக்குத் தேய்க்கிற அரப்புக்கு இலை உருவுவோமே, அந்த மரம்தான். பங்குனி பிறந்ததும் வெளிர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மரம் முழுக்கத் தேனீ. கீழே எங்கு பார்த்தாலும் தகரக் கூரை, எங்கள் கம்பெனி எது என்று தெரியவில்லை. இவர் மரத்தில் சாய்ந்து நின்றார். எப்படி இருக்கிறது என்றேன். "நல்லா இருக்கறன் அம்மிணி" என்றார். மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தைதான். இன்றைக்குத்தான் நம்பினேன்.

இறங்கத் திரும்பினால் ஒரு துணியையும் காணோம். எங்கே போகும்? கட்டியது கட்டியபடிதான் இருந்திருக்கும். இந்த சீசனில் எங்களுக்கு ஓடுவது ஒரே ஆர்டர், ஒரே கலர், இலைப் பச்சை. மாசியில் பெய்த மழைக்குக் கரடே துளிர்த்துக் கிடக்கிறது. அதற்குள் பச்சையைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஷேடு பார்த்துத் துணி பிரிக்கிறவள், நான்! போனில் வழி பார்த்தால் முள்ளுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளிதான். மாத்திரை கீழே ரோட்டில் நிறுத்திய காரில் இருக்கிறது, வெயில் ஏறுகிறது, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அழுகையே வந்துவிட்டது.

இவர் என்னைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து சிரித்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நெஞ்சுக்கு ஆகுமா என்று கேட்கக்கூட மறந்துபோய் நானும் சிரித்தேன்.

பிறகு, கொஞ்சம் பேசாமல் கேள் என்றார். தூரத்தில் தனியார் பஸ்ஸின் ஏர்ஹார்ன். அந்தப் பக்கம்தான் ரோடு. கொஞ்சம் நடப்பது, அடுத்த பஸ் கத்தியதும் திசையைச் சரி செய்துகொள்வது. அப்படியே இறங்கி வந்தோம். வழி முழுக்க இவர் முன்னால், என் கை இவர் கையில். தெருவில் இப்படிப் போனால் ஊரே சிரிக்கும்.

மார்ச் 17

கை, கால் எல்லாம் கீறல். கட்டிங் மாஸ்டர் சோணைமுத்துவிடம் இவர் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பழைய ஸ்டாக்குல செவப்பு எடுத்துத் தந்திருப்பேன்லக்கா" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மற்றவர்கள் அடக்கவில்லை. சிரிக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த டைரியில்கூட எழுதாத ஒன்று. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல், தினமும் ராத்திரி எழுந்து இவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு பட்டால்தான் திரும்பப் படுப்பேன். இரண்டு தடவை, சில நாள் அதற்கு மேலும். இவருக்குத் தெரியாது.

இன்று கண் விழித்தபோது கட்டில்வரைக்கும் வெயில் வந்திருந்தது. பக்கத்தில் இவர் இல்லை. வாசலில் பால்காரரோடு வம்பளக்கும் சத்தம் கேட்டது. ராத்திரி நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.