ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த கம்பளி

என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுறேன். உடம்பளவுல இங்க எல்லாரும் சுகம்தான், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன். போன் இருக்கும்போது எதுக்கு இவ்வளவு பெரிய கடுதாசின்னு நினைப்ப. போன்ல ஆரம்பிச்சா நீ சரிம்மா விடும்மான்னு வெச்சுடுவ, அதான். நாலு நாளா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நேத்து ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியையும் வார்டு பெட்ஷீட்டையும் ஒரே கட்டா மடிச்சு அனுப்பிட்டேன், பதினாறு வருஷத்துல இதான் முதல் தடவை, சூப்பர்வைசர் அம்மா திட்டக்கூட இல்ல, உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க, அது திட்டுறதைவிட மோசமா இருந்துச்சு. அடுப்படிக் குழாய் ஒழுகுது, குழாய்க்காரர் இதோ வரேன் இதோ வரேன்னு பத்து நாளா வந்துக்கிட்டே இருக்கார். உங்க அண்ணன் மகளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு, சிரிச்சா கதவு திறந்த வீடு மாதிரி இருக்கா.

சரி, சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வரேன். நான் சாயங்கால வகுப்புக்குப் போறது உனக்குத் தெரியும், விட்டுப்போன பத்தாவதை ஐம்பத்தி நாலு வயசுல எழுதுறேன்னு நீதானே கிண்டல் பண்ணின. மொழிப் பாடத்துல பழைய சிறுகதைகள் பத்து வெச்சிருக்காங்க. டீச்சருக்கு உன் வயசுதான் இருக்கும். போன வாரம் அதுல ரெண்டு கதையில வர்ற பாத்திரங்களை ஒப்பிட்டு எழுதுங்கன்னாங்க. பாத்திரம்னதும் எனக்குக் கழுவாம போட்டுட்டு வந்த குக்கர்தான் ஞாபகம் வந்துச்சு, அதைச் சொன்னதும் வகுப்பே சிரிச்சுது. முதல் கதை ஒரு சமையக்காரப் பொண்ணைப் பத்தி. பெரிய வீட்ல வெள்ளிக் கூஜா காணாமப் போகுது, எடுத்தது அந்த வீட்டு மக, இவளோட ஒண்ணா விளையாடி வளர்ந்தவ. அவ மாட்டிக்கக் கூடாதுன்னு இவ நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டு மழையில வெளிய போறா. இன்னொரு கதையில ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். சிக்னல் தப்பாப் போட்டு வண்டி தடம் புரளுது, போட்டது அவரோட மருமகன், அவர் கண்ணால பார்த்திருக்கார். ஆனா பழி சிக்னல்காரன் மேல விழுது, வேலை போகுது. மாஸ்டர் வாயே திறக்கல. வருஷா வருஷம் குளிர்காலம் வந்தா சிக்னல்காரனுக்கு ஒரு நல்ல கம்பளி மட்டும் கொடுத்தனுப்புறார், அவனும் மகராசன் நல்லா இருக்கட்டும்னு வாழ்த்துறான், கதை அவ்வளவுதான். எங்க வகுப்புல ஆட்டோ ஓட்டுற ஒருத்தர் இருக்கார், மீசைன்னுதான் கூப்பிடுவோம், அவர் எந்திரிச்சு இந்த மாஸ்டரெல்லாம் ஒரு மனுஷனான்னு கேட்டார். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு மட்டும் பேனா ஓடல. டீச்சர் பக்கத்துல வந்து என்னக்கா வெத்துத் தாளா இருக்குன்னாங்க, தலைவலின்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன்.

ஏன்னு இப்போ சொல்றேன், உட்கார்ந்து படி. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவோட சோபாக் கடை எரிஞ்ச அன்னைக்கு, உறை தேய்ச்ச இஸ்திரிப் பெட்டியை நான்தான் அணைக்க மறந்துட்டேன்னு நீ சொன்ன. அது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ கடையிலருந்து நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துட்ட. அஞ்சு மணிக்கு நான் ரேஷன் வாங்கிட்டு அந்த வழியா வந்தப்போ உங்க அண்ணன் அவசர அவசரமா ஷட்டரை இழுத்துவிட்டுட்டு சினிமாவுக்கு ஓடினான். ஆறு மணிக்குப் புகை. ஸ்பாஞ்சு, ரெக்ஸின், துணி, எல்லாம் அரை மணி நேரத்துல சாம்பல். அப்பா அப்போ அவன் மேல எவ்வளவு கோபமா இருந்தார்னு உனக்கே தெரியும், இன்னும் ஒரு தப்புன்னா வீட்டை விட்டு வெளியன்னு சொல்லி ஒரு வாரம்கூட ஆகல, அவன் கையில வேலை ஆர்டர் வேற வந்திருந்துச்சு. அவன் வாயைத் திறக்குறதுக்குள்ள நீ முந்திக்கிட்ட. நான் சமையலறை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். பொண்ணுதானே, செல்லம், நாலு நாள்ல அவர் கோபம் தணிஞ்சுடும்னு கணக்குப் போட்டேன். தணியல. கடைப்பக்கம் கால் வைக்காதேன்னார், அப்புறம் உன்கிட்ட பேச்சையே குறைச்சார், நீயும் கிடைச்ச வேலைக்கு அவ்வளவு தூரம் போயிட்ட. யாருக்கும் தெரியாம நீ மட்டும் சுமக்குறேன்னு நினைச்சிருப்ப. எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுக்கிட்டே வருஷா வருஷம் ஸ்வெட்டரும் இட்லிப்பொடி டப்பாவும் பார்சல் கட்டி அனுப்பிக்கிட்டு இருந்தேன், நீயும் என் அம்மா மாதிரி உண்டான்னு பதில் போட்டுக்கிட்டு இருந்த.

மறுநாள் வகுப்புல உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பொண்ணு ஒரே மூச்சுல ஒரு பொய் சொன்னா, அதோட முடிஞ்சுது, மாஸ்டர் தினம் காலையில எந்திரிச்சு அதே பொய்யைப் புதுசாச் சொல்ல வேண்டியிருந்துச்சு, ரெண்டையும் ஒரே தராசுல வைக்க முடியாதுன்னு எழுதினேன். முடிவுரை இல்லைன்னு டீச்சர் ரெண்டு மார்க் குறைச்சுட்டாங்க. முடிவுரைக்கு நான் எங்க போவேன், வீட்டுக்குத்தான் போனேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அப்பா மெஷின்ல குஷன் உறை தைச்சுக்கிட்டு இருந்தார். பக்கத்துல போய் உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அவர் கால் பெடல்லயே நின்னுடுச்சு, ஊசி துணிக்குள்ள குத்தினபடி. அவனை வரச் சொல்லுன்னார். உங்க அண்ணன் வந்தான், கேட்டதும் ஆமாப்பான்னான். மூணு தடவை சொல்ல வந்ததாகவும், ஒவ்வொரு தடவையும் அப்பா முகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிட்டதாகவும் சொல்லி அழுதான், இந்த வயசுலயே நரைச்ச தலையோட. அப்பா அவனை அடிக்கல, திட்டல. சாப்பிட்டுப் போடான்னார். அவன் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார், "அவன் ஒரு நாள் செஞ்சான். நீ பதினோரு வருஷம் செஞ்ச." அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. போனைக் கையில எடுக்கிறார், உன் நம்பரைப் பார்க்கிறார், கீழ வைக்கிறார். வாசலுக்கும் மெஷினுக்கும் நடையா நடக்குறார், நானும் என்ன செய்யிறதுன்னு தெரியாம அவர் பின்னாடியே நடக்குறேன்.

அம்மாவை மன்னிச்சுடுன்னு கேட்டு இதை எழுதல. கோபப்படணும்னா நல்லாப் படு, வயித்துக்குள்ள போட்டுப் பூட்டாத, அந்தப் பழக்கம் உனக்கு என்கிட்டருந்து வந்திருக்கக் கூடாது. அண்ணன் போன் பண்ணுவான், எடுக்குறதும் எடுக்காததும் உன் இஷ்டம். உன் வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லு, நீ சொல்லியிருக்க மாட்ட, எனக்குத் தெரியும். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல போடு, காபி குடிச்சுட்டுப் போட்டா வேலை செய்யாது. நீ நூறு வயசு நல்லா இருக்கணும், யாருக்காகவும் இனி ஒரு சுமை தூக்காம இருக்கணும்.

எழுதி முடிச்சுட்டுக் கவரைத் தேடினப்போ அப்பா வந்து நின்னார். நாலு நாள் கழிச்சு முதல் பேச்சு, கீழ கொஞ்சம் இடம் விடுன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா

மகளே, அன்னைக்கு நீ சொன்னதை உடனே நம்பிட்டேன். உன்னை வளர்த்தவன் நம்பியிருக்கக் கூடாது. அப்பா.